முதல் நாளே கிளம்பிப் போன நம்பர்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாக்குக் கொடுத்துவிடுவார். மற்ற வீடுகளில் அப்பாக்கள் கோபத்தில் திட்டுவார்கள், செம்பை உருட்டுவார்கள், அத்தோடு அடங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அவர் கொடுத்த வாக்கை நாங்கள் நிறைவேற்ற வேண்டியிருக்கும். அப்படித்தான் ஒரு ஜூலை பதினாலாம் தேதி வில்லியனூரில் நடந்த மேட்டு ஓட்டத்தில் அண்ணனும் நானும் ஓட நேர்ந்தது.

விஷயம் அண்ணனின் இருமலில் ஆரம்பித்தது. எங்கள் ஊரான பாகூரில் ஏரி நிரம்பித் தளும்பிய ஒரு மழைக்காலத்தில் அவன் கரைக்காவலுக்குப் போய், விடிய விடிய நனைந்து, இருமலோடு திரும்பினான். அந்த இருமல் பொங்கல் வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் அது போவதற்குள் ஊரார் அதற்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம்; டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்து அவரும் ஒன்றுமில்லை என்றார். இரண்டு பேருமே அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டுதான் சொன்னார்கள் என்று ஊர் முடிவு செய்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஊரார் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், மரியாதை தெரிந்த ஊர். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பார்கள். சித்திரை வெயிலில் கரும்புக்கொல்லையிலிருந்து நேரே வந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச வராதவர்களும் அதையே சொன்னார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மா மட்டும் வேறு மாதிரி. அப்பாவின் அண்ணி அவள். தினமும் மத்தியானம் அம்மாவிடம் ஊர்க்கதை பேச வருவாள், வரும்போது முந்தானைக்குள் தன் வீட்டு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவருவாள். கதையையும் விட முடியாது, உயிரையும் விட முடியாது, பாவம். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். அண்ணனும் பார்த்தான். யாராவது வந்தால் அவன் தோட்டத்துப் பக்கம் எழுந்து போய்விடுவான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவனுக்குப் பேசிய சம்பந்தம் மூன்று இடத்தில் தட்டிப்போயிற்று. நாலாவதாக வில்லியனூரில் ஒரு நல்ல குடும்பம் அமைந்தது. நஞ்சையும் கரும்பும் உள்ள வீடு. பெண்ணை அண்ணன் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்திருந்தான், அதற்குப் பிறகு சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டான். பெண்ணின் தகப்பனார் தரகரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார், பையனுக்கு மார் கொஞ்சம் பலவீனம் என்று கேள்விப்பட்டோம், வேறொன்றுமில்லை என்று. அப்பாவுக்குக் கோபம் வந்தது. வாக்கும் வந்தது.

“ஜூலை பதினாலுக்கு வில்லியனூர்ல மேட்டு ஓட்டம் வெக்கிறாங்களாமே. அன்னிக்கு எம்புள்ள செம்மண் மேட்ட ஏறி எறங்கி வந்து அவுரு எதிர்ல நிப்பான். கண்ணால பாத்துக்கச் சொல்லு.”

அண்ணன் அப்போது மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஓடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவிழ்த்துக்கொண்ட கன்றுக்குட்டிக்குப் பின்னால் ஓடியதைத் தவிர அவனுக்கும் எனக்கும் அந்தத் துறையில் வேறு அனுபவம் கிடையாது. வழியில் ஏதாவது ஆனால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டார்கள்.

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் திருநாள். கொம்யூன் என்ற ஊராட்சிகள்தோறும் கொடியேற்றி, வாணம் விட்டு, வழுக்குமரமும் சாக்குப் பந்தயமும் நடத்துவார்கள். அந்த வருஷம் வில்லியனூர் மேர், அதாவது கொம்யூனின் தலைவர், ஏதாவது புதிதாகச் செய்ய ஆசைப்பட்டார். சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு சொல்தா அவருக்கு யோசனை கொடுத்தார். ஊரில் புறப்பட்டு, ஊசுட்டேரிக் கரையோடு போய், வடக்கே செம்மண் மேடுகளில் ஏறி, உச்சியில் உள்ள சுங்கச் சாவடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அந்தச் சாவடி இங்கிலீஷ்காரனுடையது. நம் பக்கத்துச் சரக்கு அவன் சீமைக்குள் வரியில்லாமல் போய்விடாதபடி அங்கே ஆள் வைத்திருந்தான். பிரெஞ்சுக்காரனின் சுதந்திரத்தைக் கொண்டாட இங்கிலீஷ்காரனின் கதவைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்பதில் யாருக்கும் எதுவும் தவறாகப் படவில்லை.

எங்கள் வீட்டாருக்கு வேறொன்று தவறாகப் பட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். சூலத்துக்கு எதிரே மாப்பிள்ளை ஆக வேண்டியவனை அனுப்புவதா என்று அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பரிகாரம் இருக்கவே இருக்கிறது. போகிற நாள் சரியில்லை என்றால், முந்தின நாள் நல்ல நேரத்தில் பயணக்காரனின் பொருள் ஒன்றை மூட்டை கட்டி, போகும் திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அவன் அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது வந்த வழியே திரும்பக்கூடாது. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். சூலத்தை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

முதல் நாளே மாட்டுவண்டியில் மங்கலம் வழியாக வில்லியனூர் போய்ச் சேர்ந்து, தெரிந்தவர் வீட்டில் இறங்கினோம். சாயங்காலம் நல்ல நேரத்தில் அம்மா ஒரு புதுத் துண்டில் தேங்காய், மஞ்சள், கொழுந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு எல்லாம் வைத்தாள். பயணக்காரனின் பொருள் ஒன்று வேண்டுமே என்று கேட்டாள். இந்தப் பயணத்துக்கென்றே உள்ள பொருளாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று அப்பா யோசித்து, சொல்தா கொடுத்திருந்த அண்ணனின் நம்பர் துணியை எடுத்து மூட்டையில் வைத்தார். மார்பில் குத்திக்கொண்டு ஓட வேண்டிய துணி அது. தாய்மாமன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள உறவுக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. அம்மா அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

காலையில் சொல்தா வரிசையாக நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்து அண்ணனின் வெறும் மார்பின் எதிரில் நின்றார். நம்பர் எங்கே என்றார். அப்பா முன்னால் வந்து விளக்கினார்.

“நம்பர் நேத்தே கெளம்பிப் போயிடுச்சிங்க.”

சொல்தா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப பையன்?” என்றார்.

“பையன் இன்னிக்குப் போயி அத்தோட சேந்துக்குவான்.”

சைகோனில் இதற்கெல்லாம் சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். அவர் மேரைப் பார்த்தார், மேர் பக்கத்தில் நாற்காலியில் இருந்த பெண்ணின் தகப்பனாரைப் பார்த்தார். அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொல்தா தீர்ப்புச் சொன்னார், போகும்போது எப்படியாவது போகட்டும், திரும்பிவந்து சேரும்போது நம்பர் மார்பில் இல்லையென்றால் ஓடியதாக எழுதமாட்டேன் என்று. வேட்டுப் போட்டார்கள், ஓடினோம்.

எங்களுக்குத் துணையாக வீட்டு வண்டி வந்தது. பின்னால் வந்தால் பிள்ளைகளுக்கு வழி தெரியாது என்று அப்பா வண்டியை முன்னால் விடச் சொன்னார். செம்மண் பாதையில் ஜோடி மாடு கிளப்பிய புழுதி முழுவதையும் நாங்கள் இரண்டு பேரும் சுவாசித்தோம். மற்ற ஓட்டக்காரர்கள் புத்திசாலிகள், வண்டியைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாங்கள் தாண்டப் பார்த்தபோதெல்லாம் அம்மா வண்டியிலிருந்து கையை நீட்டிக் கேழ்வரகுக் கூழைக் கொடுத்தாள். வேண்டாம் என்றால், வயிறு காய்ந்தால் இருமல் வரும் என்றாள். ஏரிக்கரை முடிவதற்குள் கூழ் கழுத்துவரை இருந்தது. குடும்பத்தின் ஆதரவு மட்டும் இல்லாதிருந்தால் அன்று நாங்கள் ஜெயித்தே இருப்போம் என்று அண்ணன் பிற்பாடு சொல்வான்.

மேடு தொடங்கியதும் வண்டி நின்றது. மழைத்தண்ணீர் அறுத்த ஓடைகளில் மாடு இறங்காது. அதற்கு மேல் அண்ணனும் நானும் மட்டும். முந்திரிப் புதர்களுக்கு நடுவே ஒரு மேட்டில் ஏறினால் அடுத்தது நின்றது. எனக்கு விலாவில் குத்தல் எடுத்தது. நோயாளி என்று பெயரெடுத்தவன் எனக்கு முன்னால் ஆடு மாதிரி ஏறிக்கொண்டிருந்தான். ஒரு திருப்பத்தில் நின்று, “கைய குடுடா” என்று இழுத்துவிட்டான். அவனைப் பிடித்துக்கொள்ள வந்தவன் நான். அவன் மூச்சில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உச்சியில் சாவடி வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் மூட்டை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேயேதான். சாவடிச் சேவகன் மூட்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறான், பயணக்காரன்தான் பிரிக்க வேண்டும் என்று மாமா மறுத்திருக்கிறார். பயணக்காரன் எங்கே என்று கேட்டதற்கு நாளைக்கு ஓடிவருவான் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு சேவகன் அவரை எப்படி விடுவான்?

அண்ணன் மூட்டையைப் பிரித்தான், நம்பர் துணியை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டான். புறப்படலாம் என்றால் மாமா விடவில்லை. வெற்றிலை பாக்கை என்ன செய்வது? உள்ளே கொண்டுபோனால் வரி, திருப்பிக் கொண்டுபோனால் தோஷம், கீழே போட்டால் அபசகுனம். தேங்காயை உடைத்துச் சாவடியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மஞ்சளை மாமா இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்றிலை பாக்கைப் பயணக்காரன் வாயில்தான் போட வேண்டும் என்று மாமா தீர்மானமாகச் சொன்னார். அத்தனையையும் அண்ணனும் நானும் பங்கு போட்டு அடைத்துக்கொண்டோம். சேவகன் மனமிரங்கித் தன் டப்பியிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தான். இரண்டு ராஜாங்கத்துக்கும் அன்று இருந்த ஒரே ஒத்துழைப்பு அதுதான்.

இறங்கும்போது வாய் நிறையச் சாறு. துப்ப நின்றால் நேரமாகும் என்று விழுங்கிக்கொண்டே ஓடினோம். வில்லியனூர் பந்தல் தெரிந்தது. முதலில் வந்தவர்கள் பரிசு வாங்கி, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் பந்தலுக்கு எதிரே, பெண்ணின் தகப்பனார் முன்னால், அப்பா வாக்குக் கொடுத்தபடியே வந்து நின்றான். நெஞ்சில் நம்பர் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சாறு புரையேறிவிட்டது. குனிந்து இருமினான், இருமி இருமி மண்ணில் சிவப்பாகத் துப்பினான்.

பந்தலில் யாரோ துண்டால் வாயைப் பொத்தினார். கூட்டம் பின்வாங்கி, அவனைச் சுற்றி வெறும் தரை அகலமாகிக்கொண்டே போனது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, ஓடிப்போய் அவன் பக்கத்தில் நானும் துப்பினேன். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் பின்னால் போனது. தம்பிக்கும் தொற்றிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வெற்றிலை, வெற்றிலை என்று அப்பா நாலு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பெற்றவன் வேறு என்ன சொல்வான் என்ற பார்வைதான் அவருக்குக் கிடைத்தது. அண்ணன் நிமிரவே இல்லை. தோட்டத்துப் பக்கம் எழுந்து போவானே, அந்த முகம் எனக்குத் தெரிந்தது.

பெண்ணின் தகப்பனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். குனிந்து, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல மண்ணைப் பார்த்தார். காலால் ஒரு பாக்குத் துண்டை ஒதுக்கினார். திரும்பித் தன் ஆளிடம், தன் நாற்காலியின் கீழே இருந்த செம்பை எடுத்துவரச் சொல்லி அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத்தான் பார்த்தான். மறுபடி புரையேறியது. வேறு வழியில்லாமல் வாய் வைத்துக் குடித்துவிட்டான். குடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்து, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்தான். செம்பின் விளிம்பில் சிவப்பு ஒட்டியிருந்தது. அவர் அதை வாங்கினார். கழுவச் சொல்வார் என்று நினைத்தேன். அத்தனை பேர் பார்க்க, மீதித் தண்ணீரை வாய் வைத்தே குடித்தார்.

“வெத்தல நல்லாயிருக்குது, பாக்குதான் தொவக்குது” என்றார்.

கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமாயிற்று. எல்லாம் பரஸ்தானத்தின் மகிமை என்றுதான் அப்பா கடைசிவரைக்கும் சொன்னார். வைத்தியரும் டாக்டரும் சொல்லி நம்பாத ஊர், ஒரு செம்புத் தண்ணீரை நம்பியது. செய்தி எங்கள் வண்டிக்கு முன்னாலேயே பாகூர் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பெரியம்மா வந்தாள். முந்தானையில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததும் வெயிலைத் திட்டிவிட்டு, தொண்டை காய்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடு என்றாள்.

அம்மா நிதானமாக அவள் முந்தானையைப் பார்த்தாள். “இன்னாக்கா, இன்னிக்கு லோட்டா எடுத்தாரலியா?”

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போய், மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அண்ணனின் லோட்டாவில் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் அன்று தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கூடத்திலேயே நின்று, பெரியம்மா அதைக் குடித்து முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.