ஊமைப் பெட்டி

கமலவேணிக்கு வேலை கொடுத்தது ஒரு கோளாறு. அது சரியானால் வேலை போய்விடும் என்பது, சேர்ந்த முதல் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் மையம் அது. எடுத்த படங்களை நெட்வொர்க் வழியாகச் சென்னை டாக்டருக்கு அனுப்புவார்கள். அனுப்பும் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பாதிப் படத்தில் நின்றுவிடும். கமலவேணி போய் நெட்வொர்க் கார்டை நிறுத்தி மறுபடி எழுப்பினால் மீதி போகும். ஷேர் ஆட்டோ ஓட்டிய அவள் கணவன் குமாரசாமி இடுப்பு முறிந்து ஐயம்பேட்டை வீட்டில் படுத்த பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"நீ வரலேன்னா அந்தப் பெட்டி ஊமைதான்மா. அதுக்காகத்தானே உன்னை வெச்சுண்டிருக்கோம்" என்பார் மேனேஜர் யதிராஜன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவள் பாஸானது டைப்ரைட்டிங் லோயர் மட்டும். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த நாளில் லினக்ஸைத் தானாகப் படித்தாள். ஒன்று விளங்காமல் அடுத்ததற்குப் போகமாட்டாள். கோளாறு எதில் என்பதையும் கண்டுபிடித்திருந்தாள். கார்டை இயக்கும் டிரைவர் என்ற நிரல் பழசு. புதியது இணையத்தில் கிடைத்தது. ஆனால் பழையதை லினக்ஸின் அடித்தளமான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தனியாகக் கழற்ற வராது. கெர்னலையே புதிதாகக் கட்டினால் ஸ்கேன் மெஷினின் மென்பொருள் ஓடாது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். முடியாது என்று சொல்ல இது போதும். அவளும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

2008 மாசியில் ஒரு நாள், குமாரசாமியைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டாள். அந்த நேரத்தில்தான் ஓரிக்கையிலிருந்து திருஞானசம்பந்தம் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. படம் பாதியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஐம்பது நிமிடம் கழித்துக் கமலவேணி வந்து எழுப்பினாள். உடனே சென்னையிலிருந்து போன் வந்தது: மூளையில் ரத்தக்கசிவு, தாமதிக்காமல் சென்னைக்கு ஏற்றிவிடுங்கள். ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு அவர் தங்கை பொன்னியம்மாள் ரிப்போர்ட் வாங்க வந்தாள்.

"டாக்டரு சீக்கிரமாத்தானே பார்த்தாரு, இல்லியாம்மா?"

"பார்த்தாரும்மா."

படம் எடுத்த நேரம், அது சென்னை போய்ச் சேர்ந்த நேரம், இரண்டும் ரிப்போர்ட்டில் அச்சாகியிருந்தன. பொன்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மையத்துக்கு விடுமுறை. கமலவேணி சாவி வாங்கித் திறந்தாள். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்ததில், கெர்னலைத் தொடவே வேண்டாம் என்று தெரிந்திருந்தது. பழைய டிரைவரைக் கழற்ற முடியாதே தவிர, கார்டை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியும். விட்டதைப் புதியது பிடித்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு டிரைவரைக் கெர்னல் ஏற்காது. அதனால் புதியதற்கு வேறு பெயர் வைத்து, அதை மட்டும் தனியாகத் தொகுத்தாள். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே, நெட்வொர்க் வழியாக, கார்டை விடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். திரை அப்படியே நின்றது. கட்டளை போன வழியே அந்தக் கார்டுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. மெஷின் அறைக்கு ஓடி, அங்கிருந்த கீபோர்டில் மீதியை அடித்தாள்.

பழைய படங்கள் நானூற்றை ரிசப்ஷனுக்கு அனுப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட நிற்கவில்லை. கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் இந்த மாற்றம் தானாக நடக்க எழுதிவைத்து, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினாள்.

சித்திரை கடைசிவரை பெட்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. யதிராஜன் அவளைக் கூப்பிட்டார். இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொன்னார். சரிசெய்த விதத்தை எழுதித் தரச் சொன்னார். அவள் ஒரு வரி விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

குமாரசாமி படுத்தபடியே கேட்டான்.

"வேலை பூடும்னு தெரிஞ்சேதான் பண்ணியா?"

"தெரிஞ்சேதான்."

"செத்த அந்தாளு எழுந்து வந்துட்டானா?"

அவள் சோற்றைப் பிசைந்து அவன் தட்டில் வைத்தாள். மறுநாள் காலை எதிர்வீட்டில் பட்டுநூல் சுற்றப் போய் உட்கார்ந்தாள்.