பக்க மேசையில் பதினேழு அப்பங்கள்

கேள்வி அத்தைக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் அத்தை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கவரில் போடுவது அவள் உத்தியோகம். முப்பத்தோரு வருடம். பத்து என்றால் பத்து. ஒன்பது போனதாக ஒரு நோயாளியும் திரும்பி வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோயிலுக்குப் பின்னால் உள்ள நீள அறையில், புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அங்கேயும் எண்ணிக்கைதான். அருட்சாதனம் ஏழு, கட்டளை பத்து, நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் வாயைக் கட்ட வேண்டும். ஆண்டவர் ஒருவேளை ஐந்து நிமிடம் விட்டுக்கொடுப்பார். அத்தை கொடுக்க மாட்டாள்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பாள். வெறும் அப்பத்துக்கும் நற்கருணைக்கும் என்ன வித்தியாசம்? பதில் சொன்னால் புதுநன்மை. திணறினால் அடுத்த வருடம். கெஞ்சுவதற்கு அப்பாவை அழைத்து வந்தால், அப்பாவுக்கும் அதே கேள்வி. அப்பாக்கள் அழைத்தால் வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

இந்தக் கேள்வியால்தான் அவள் சொந்தக் கொழுந்தனைப் பகைத்துக்கொண்டாள். அவள் புருஷனின் கூடப்பிறந்த தம்பி; அந்தக் கோயிலிலேயே மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உடுப்பு எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை. இருபது வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் அத்தைக்கு முன்னால் நின்று, "வெறும் அப்பம் டப்பாவுல இருக்கும் பெரியம்மா, நற்கருணை தங்கப் பாத்திரத்துல இருக்கும்" என்றது. அத்தை யோசிக்கக்கூட இல்லை. அடுத்த வருடம். தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுன் அடுத்த வருடம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து கொழுந்தன் அண்ணியோடு பேசுவதில்லை. அண்ணன் செத்தபோதுகூட, "மணி எத்தனை தடவை அடிக்கணும்னு கேட்டுச் சொல்லு" என்று மகளைத்தான் தூது விட்டார். ஒரே கோயிலில் இருபது வருடம் பேசாமல் ஊழியம் செய்தார்கள். ஒருவரையொருவர் மன்னிப்பதைப் பற்றி அத்தை நடத்திய பாடத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவரும் அவர்தான்.

இந்த வருடம் பதினேழு பிள்ளைகள். அதில் ஒன்று, அந்தக் கவுன்காரியின் மகள்.

பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் பெரிய அப்பமாக எண்ணித் தனித் தங்கப் பாத்திரத்தில் வைப்பது அத்தை ஏற்படுத்திய வழக்கம். பதினேழு பிள்ளைக்குப் பதினேழு. அதைப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேர் காணிக்கைப் பவனியில் தூக்கிப் போய்ப் பீடத்தில் வைப்பார்கள். பிறகு சாமியார் வசனம் சொல்வார், மணி அடிக்கும், பீடத்தில் இருக்கும் அப்பம் நற்கருணையாகும். முப்பத்தோரு வருடமாகப் பிசகாத ஏற்பாடு.

ஆனால் முப்பத்தோரு வருடமும் ஜவுளிக்கடையம்மா இருக்கவில்லையே. தன் மகளின் புதுநன்மைக்கு அவள் ஒரு பூக்கூடை செய்வித்திருந்தாள். இரண்டு ஆள் தூக்க வேண்டும், அவ்வளவு பக்தி. பவனி கிளம்பும் நேரத்தில் போட்டோக்காரர், "கூடை முன்னாடி வரட்டும், அந்தச் சின்னப் பாத்திரம் மறைக்குது" என்றார். பாத்திரம் வைத்திருந்தவர்கள் பூக்கூடைக்குக் கை கொடுக்கப் போனார்கள். பாத்திரம் அத்தை கைக்கு வந்தது. ஒரு நிமிடம்தானே என்று அவள் அதைப் பீடத்துக்குப் பக்கவாட்டில், தண்ணீர்க் குப்பியும் துண்டும் வைக்கிற சின்ன மேசையில் வைத்துவிட்டு, முழங்கால் மடங்காமல் நின்ற ஒரு பிள்ளையை அழுத்தப் போனாள்.

வசனம் சொல்லியாயிற்று. மணியும் அடித்தாயிற்று. நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் சாமியார் பிள்ளைகளின் பாத்திரத்தைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார். அத்தை பக்க மேசைக்குப் போய், தலை குனிந்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்து வந்து கொடுத்தாள்.

மூன்றாவது பிள்ளை "ஆமென்" சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணி அடித்தபோது இந்தப் பாத்திரம் பீடத்தில் இல்லை. பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருப்பது மாவும் தண்ணீரும்.

நிறுத்தியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்து, "ஃபாதர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாக்களை எல்லாம் கேள்வி கேட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பதினேழு பிள்ளைகளும் வாங்கின. சொர்க்கமே தொண்டையில் இறங்கியது போல் முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்; ஒரு பிள்ளைகூடச் சோடை போகவில்லை. பெற்றோர் கண் துடைத்தார்கள். ஜவுளிக்கடையம்மா போட்டோக்காரர் இருக்கும் பக்கமாகத் திரும்பித் துடைத்தாள்.

பூசை முடிந்து பின்னறையில் அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோயில்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். இருபது வருடத்தில் முதல் பேச்சு.

"அண்ணி."

"சொல்லுங்க."

"அது தங்கப் பாத்திரத்துலதான் இருந்துச்சு. அப்ப சரியாத்தான் இருக்கும், இல்ல?"

அத்தை கழுவுவதை நிறுத்தவில்லை. "நீங்க பாத்தீங்களா?"

"மணியடிக்கிறவன் பீடத்தத்தான பாக்கணும்."

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீங்க முப்பது வருசம் பாடம் சொன்னவங்க. இதுலயும் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும்னு நெனச்சேன்." துண்டை மடித்தார். "என் பேத்தி வாசல்ல ஒரே ஆட்டம். ஆண்டவர் எனக்குள்ள இருக்காருன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டிருக்கு. போய் இல்லைன்னு சொல்லவா, இல்ல நீங்க வந்து சொல்றீங்களா?"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனாள்.

சாமியார் வயதில் சிறியவர், நல்லவர், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர். அதாவது எந்த விஷயத்திலும் முடிவெடுக்காதவர். கேட்டதும் முதலில் கதவைத்தான் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, கோயில்பிள்ளைக்கு, இப்ப உங்களுக்கு. ஆண்டவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"பெரியம்மா, மனசால வாங்குற நற்கருணைன்னு ஒண்ணு இருக்கு. பிள்ளைங்க நல்ல மனசோட வாங்கியிருக்காங்க. அடுத்த ஞாயிறு எல்லாரோடயும் வரிசையில வரப்போறாங்க. அது பாட்டுக்கு அது சரியாயிடும். ஏன் கிளறணும்?"

"இந்தப் பதில ஒரு பிள்ளை சொல்லியிருந்தா நான் அடுத்த வருசம்னு சொல்லியிருப்பேன் ஃபாதர்."

சாமியார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொன்னா உங்க வகுப்புதான் போகும். பெத்தவங்க சும்மா விடமாட்டாங்க."

"போகட்டும்," என்றாள் அத்தை. சொல்லிவிட்டாளே தவிர, அந்த வகுப்பைத் தவிர அவளுக்கென்று வேறு என்ன இருந்தது? பிள்ளை இல்லை. புருஷன் போயாயிற்று. பிறந்த வீட்டு வழியில் ஒரு தங்கை, அவளும் போன் எடுக்க மாட்டாள். அவள் மகனையும் அத்தை ஒரு வருடம் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் நீள அறையில் பெற்றோர் கூடினார்கள். அத்தை நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். தப்பு என்னுடையது, வியாழக்கிழமை காலை ஆறு மணிப் பூசைக்குப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்றாள். அறை கப்சிப் ஆனது. ஆண்டவர் கிடைக்காமல் போனதற்குத்தான் இந்தத் துக்கம் என்று அத்தை ஒரு கணம் நெகிழ்ந்துவிட்டாள்.

"அப்ப போட்டோ?" என்றாள் ஜவுளிக்கடையம்மா.

அதன் பிறகு அறை பொங்கியது. ஆல்பம் அடிக்கக் கொடுத்தாயிற்றே. விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்வது? கேக்கில் தேதி எழுதியிருந்ததே. "ஆறு மணிக்கா? எங்க பையன் ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பான்." ஒருவர், உடுப்பைச் சலவைக்குப் போட்டுவிட்டதால் ஆண்டவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்றார். சாமியார் எழுந்து, எல்லோரும் அமைதி காக்க வேண்டும், அடுத்த வருடத்திலிருந்து மறைக்கல்விப் பொறுப்பை ஜவுளிக்கடையம்மா ஏற்பார் என்று சொல்லி உட்கார்ந்தார். பூக்கூடைக்காரிக்கே புத்தகத்தையும் கொடுத்தாயிற்று.

வியாழக்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தன. பள்ளிக்கூட உடுப்பு, பாதித் தூக்கம். கவுன்காரி தன் மகளை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அத்தையைப் பார்த்து, "வாங்க பெரியம்மா, இன்னிக்கு மேசையப் பாத்துட்டீங்கல்ல?" என்றாள். அத்தை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள், மூன்று தடவை.

மிச்சம் எட்டு. வேலை முடிந்ததும் அத்தை வீடு வீடாக ஏறினாள். ஒரு வீட்டில் நீச்சல் வகுப்பு என்றார்கள், ஒரு வீட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, யாரும் வரவில்லை. பஸ் ஓட்டும் ஒருவர் வாசற்படியில் மறித்து நின்றுகொண்டார்.

"சின்ன விசயத்த இப்படித் தூக்கிட்டு அலையறீங்களே அத்தை. உங்க ஆஸ்பத்திரியில மாத்திரை மாத்திக் குடுத்துட்டா, இப்படித்தான் வீட்டுக்கு வந்து சொல்வீங்களா?"

"ஆமா. ரெண்டு தடவை போயிருக்கேன்."

அவர் கொஞ்சம் விலகி வழிவிட்டார். "உக்காருங்க. எத்தனை மணிக்கு வரணும்?"

இப்படியே ஒவ்வொன்றாக ஏழு வந்தன. பதினாறு. ஜவுளிக்கடையம்மா மட்டும் வாசலில் வைத்தே பேசி அனுப்பினாள். "என் பொண்ணு வாங்கினது வாங்கினதுதான். போட்டோவுக்குச் சட்டம் போட்டு மாட்டியாச்சு." அடுத்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல் என்று வரிசைக்கும் அனுப்பவில்லை. போனால் முதலாவது வாங்கினது ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அதற்கடுத்த ஞாயிறும் அதே காய்ச்சல். ஆண்டவரை வாங்கிவிட்டேன் என்று நிரூபிப்பதற்காகவே ஒரு பிள்ளை ஆண்டவரை வாங்காமல் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த வருடத்துக்கான புது வகுப்பு தொடங்கியது. ஜவுளிக்கடையம்மா பட்டுச் சேலையில் வந்து, நற்கருணை எவ்வளவு பெரியது என்று அரை மணி நேரம் அழகாகப் பேசினாள். முன்வரிசையில் ஒரு பிள்ளை கை தூக்கிற்று. "டீச்சர், உங்க பொண்ணு வாங்கினது நற்கருணையா, வெறும் அப்பமா?" பிள்ளை குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. வகுப்பு அன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று கோயில்பிள்ளை வந்து அண்ணியிடம் சொன்னார். இப்போதெல்லாம் அவர் இம்மாதிரிச் செய்தி மட்டும் கொண்டுவருவார். மற்றப்படி பேச்சில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிப் பூசை. வழக்கமான ஐந்து விதவைகள், இருமுகிற ஒரு தாத்தா, கடைசிப் பெஞ்சில் அத்தை. நன்மை நேரத்தில் பக்கக் கதவு திறந்தது. முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜவுளிக்கடையம்மா, அவளுக்கு முன்னால் தலை வாராத மகள், காலில் வீட்டுச் செருப்பு. பூக்கூடை இல்லை, போட்டோக்காரர் இல்லை. பிள்ளை நாக்கை நீட்டிற்று, ஆமென் என்றது, கொட்டாவி விட்டது.

அத்தை பதினேழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசிப் பாட்டுக்கு நிற்காமல் எழுந்து ஓடினாள். பூசை அன்று அரை மணி பிந்தித் தொடங்கியதால் இரண்டு பஸ் போய்விட்டன. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக மருந்துச் சன்னல் இருபது நிமிடம் தாமதமாகத் திறந்தது. வரிசை வாசல்வரை நின்றது.

முதல் ஆள் சீட்டை உள்ளே தள்ளினார். "கோயிலுக்குப் போயிட்டு வந்திருப்பீங்க. உங்களுக்குப் புண்ணியம், எங்களுக்குக் கால்வலி."

"நியாயம்தான்," என்று சொல்லி அத்தை அவருடைய மாத்திரையை எண்ண ஆரம்பித்தாள்.