அவர் ஜெபிக்கத் தொடங்கும் வரை

போன வருஷம் மழை தொடங்கிய நாட்களில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் நடந்தது இது. நாங்கள் மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். 'நாங்கள்' என்றே கை எழுதுகிறது. இப்போது நான் மட்டும்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர், அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கொஞ்ச நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நான் பத்தாவதோடு நின்றவள். கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள்தான் எனக்கு இன்டர்நெட்டில் ஒரு டைரி தொடங்கிக் கொடுத்தாள். வாசித்த வசனம், வைத்த குழம்பு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்று அதில் ஏதாவது எழுதுவேன். அவளும் சபையில் சிலரும் படிப்பார்கள்.

அப்போது அவள் மாசமாக இருந்தாள். ஏதோ சிக்கல், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் போனில் அழுதாள். "அம்மா, அப்பா எனக்காக ஜெபிப்பாரே, அந்த வீடியோவை உன் டைரியில போடும்மா. எனக்குப் பாட்டை மட்டும்தான் அனுப்பியிருக்க. முழுசா உன் போன்ல இருக்கும்ல?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். பாட்டு, வேத வாசிப்பு, கடைசியில் அவர் ஜெபம். மகளுக்கு அனுப்ப எத்தனையோ நாள் போனில் எடுத்திருக்கிறேன். அவளுக்காக ஜெபிக்கும் இடத்தில் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "என் பிள்ளையை உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்பார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

போனில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாட்டு வந்தது, அவர் இருமல் வந்தது, பக்கத்து வீட்டு நாய் கூட வந்தது. ஜெபம் மட்டும் வரவில்லை. போன்தான் அழித்துவிட்டது என்று பதறி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முப்பது வயதுக்காரர். எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தார். "டெலிட் ஆனது ஒண்ணுமே இல்லக்கா. மொத்தமே இவ்ளோதான் கீது."

"நல்லா பாருப்பா. ஜெபம் இருக்கணும்."

"பாத்துட்டேன்கா. எல்லாம் கரீட்டா ஒரே எடத்துல நிக்குது. சாரு 'ஜெபம் பண்ணுவோம்'ங்கறாரு, அத்தோட கட்டு. இன்னாக்கா உன் போனு, ஜெபம்னா ஓடிப்பூடுமா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போனது போன் இல்லை. நிறுத்தியது என் விரல். ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும், போனை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம். ஒருநாள் மறந்து எடுத்துக்கொண்டே இருந்ததற்கு என் கணவரே, "ஏய், போனைக் கீழ வை. ஆண்டவர்கிட்ட பேசப் போறோம், அவருக்கு என்ன படம் காட்டப் போறியா?" என்று கேலி செய்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. சபையில் மட்டும் யார் எடுத்திருக்கப் போகிறார்கள்? அங்கேயும் எல்லோரும் கண்ணை மூடியவர்கள்தான்.

நான் அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டையும் நிறுத்தினார். தன் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருக்கா. தெரியாம சிரிச்சிட்டேன்" என்றார். வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் "அப்பறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, டைரியில் வீடியோ சேர்ப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இருந்ததில் என் கணவர் நன்றாகப் பாடிய ஒன்றைச் சேர்த்தோம்.

மகள் அன்றைக்கே பார்த்தாள். "பரவாயில்லம்மா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே குழந்தை தங்காமல் போய்விட்டது. அந்த ஜெபம் கிடைத்திருந்தால் தங்கியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாஸ்டரும் அப்படி நினைக்கக் கூடாது என்றார். ஆனால் தனியாகப் பயந்து படுத்திருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் அப்பாவின் குரல் இருந்திருக்கும். அதுகூட இல்லாமல் போயிற்று.

அந்த வீடியோ இன்னும் டைரியில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் போட்டுக் கேட்கிறேன். 'ஜெபம் பண்ணுவோம்' என்கிறார். பழக்கத்தில் கண்ணை மூடுகிறேன். வீடு அமைதியாகிவிடுகிறது, என் வாயிலும் வார்த்தை வருவதில்லை. அவர் ஜெபித்ததையெல்லாம் ஆண்டவர் கேட்டிருக்கிறார் என்று முழுமனதோடு நம்புகிறேன். அதில் ஒன்றையாவது எங்களுக்குத் திரும்பக் கேட்கத் தருவீரா என்று ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.