தேயாத முனை

தென்திருப்பேரையிலிருந்து காலை பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த பெண்களில் லேத் பட்டறைக்குப் போனவள் செங்கமலவல்லி ஒருத்திதான். அது 1974. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தாள். அப்பா பாஷ்யம் பள்ளிக்கூட வாத்தியார். சொந்தக்காரர்கள் என்னென்னவோ சொன்னார்கள்; அவர் அவளைத் தடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று மட்டும், "பின்னலைத் தூக்கி முடிஞ்சுக்கோ, சுத்தற மிஷின்" என்றார்.

பட்டறை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில். முதலாளி சுந்தர்சிங் நல்ல மனிதர், அவசரக்காரர். பெரிய லேத்தில் நிற்பவர் ரோச். விசைப்படகுகளுக்கு விசிறித் தண்டு கடைவதுதான் முக்கியமான வேலை. எஞ்சினிலிருந்து படகின் பின்புறம் வழியாகத் தண்ணீருக்குள் போய் விசிறியைச் சுழற்றும் தண்டு அது. ஆள் உயரத்தைவிட நீளம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தண்டின் கடைசி மெல்லிய சீவலை நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். நடுவில் இரும்பைச் சீவும் டூல் மழுங்கிப்போய், கழற்றித் தீட்டி மறுபடி மாட்டினால் அந்த இடத்தில் கீறல்போல ஒரு வரை விழுந்துவிடும். அந்த வரையில்தான் பிறகு தண்டு தேயத் தொடங்கும். அதற்குப் பயந்து ரோச் லேத்தை மிகவும் மெதுவாக ஓட்டுவார். ஒரு தண்டுக்கு அரைநாள் போய்விடும். படகுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சுந்தர்சிங் உள்ளுக்கும் வெளிக்குமாக நடப்பார்.

செங்கமலவல்லி படித்த சூத்திரம் எளிமையானதுதான். வெட்டும் வேகத்தை, டூலின் ஆயுளுடைய, அதாவது அது மழுங்காமல் ஓடும் நேரத்தின், எட்டாம் படிமூலத்தால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும். டூலும் இரும்பும் மாறாதவரை அந்த எண் மாறாது. அவள் ரோச்சிடம் கேட்டு, கையிருப்பில் இருந்த தண்டு எஃகுக் கம்பி ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். நிமிஷத்துக்கு இருபது மீட்டர் வேகத்தில் டூல் ஒரு மணி நேரம் தாங்கியது. தண்டுக்குத் தேவை இரண்டு மணி நேரம். லாகரிதம் புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டாள். பதினெட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைக்க வேண்டாம், டூலின் ஆயுள் இரண்டு மடங்காகிவிடும் என்றபோது ரோச் அவளை நம்பாமல் பார்த்தார். ஆனாலும் ஓட்டினார். கடைசி விரற்கடை முடிகிற நேரத்தில்தான் முனை மழுங்கத் தொடங்கியது. தண்டு முழுக்க ஒரே பளபளப்பு. ரோச் அதை உள்ளங்கையால் தடவிவிட்டுப் போய்த் தேநீர் வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு புதிய கம்பிகள் வந்து இறங்கின. தண்டுக்கென்றே கேட்டிருந்தது கெட்டி எஃகு. நுனியில் அந்த எஃகுக்கு வழக்கமான அடையாளச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தது. அதே வேகத்தில் ரோச் தண்டுகளைக் கடைந்தார். இந்த முறை டூல் தேயவே இல்லை. ஒரு தண்டு முடிந்தது, தீட்டாமலே அடுத்ததும் முடிந்தது.

"ஏலே ரோச், அம்மா கணக்கைப் பாத்தியா? டூல் தேயவே மாட்டேங்கு" என்ற சுந்தர்சிங், வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார். ரோச்சுக்கு மட்டும் கை ஏதோ சொன்னது. இரும்பு வழவழவென்று போகிறது, சீவல் சுருள் உடையாமல் நீளமாக வருகிறது என்று ஒருமுறை சொன்னார். நல்ல கணக்கு என்றால் அப்படித்தான் போகும் என்று முதலாளி சிரித்தார். செங்கமலவல்லியும் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. வீட்டில் அப்பாவிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

அப்படிக் கடைந்த ஐந்து தண்டுகள் படகுகளில் ஏறிவிட்டன. அதில் ஒன்று ரோச்சின் தங்கை கணவர் இஞ்ஞாசியின் படகு.

ஒரு காலை சுந்தர்சிங் அவளைக் கூப்பிட்டு, டூல்தான் இவ்வளவு தாங்குகிறதே, வேகத்தை இன்னும் கூட்டலாமா, எவ்வளவு கூட்டலாம், கணக்குப் போட்டுச் சொல் என்றார். அவள் டூலைக் கழற்றி, உருப்பெருக்குக் கண்ணாடியில் முனையைப் பார்த்தாள். ஐந்து தண்டு வெட்டிய முனை. நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தது.

அப்போதும் அவள் சந்தோஷமாகத்தான் கணக்கை ஆரம்பித்தாள். பாதியிலேயே கை நின்றுவிட்டது. அவள் கொடுத்த வேகத்துக்குச் சூத்திரம் இரண்டு மணி நேரம்தான் தரும். இந்த முனையோ பத்து மணி நேரம் ஓடிவிட்டு இன்னும் கூராக இருக்கிறது. அப்படியானால் மாறக்கூடாத அந்த எண் மாறியிருக்கிறது. ஒன்று டூல் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு மாறியிருக்க வேண்டும். டூல் அவள் கையில் இருந்தது. அதே டூல்.

கணக்குத் தாளை அப்படியே வைத்தாள். எழுந்து ரோச்சிடம் போனாள். "அந்தக் கம்பியோட துண்டு ஏதாவது கிடக்கா? பழைய கம்பித் துண்டும் வேணும்."

ரோச் ஓரத்துக் குவியலில் தேடினார். இரண்டு துண்டுகளையும் எடுத்து வந்து கிரைண்டரின் சாணைக் கல்லில் வைத்தார். பழைய துண்டிலிருந்து பறந்த பொறிகள், கெட்டி எஃகுக்கு உரியபடி, நுனியில் கொத்துக் கொத்தாகச் சிதறின. புதுத் துண்டிலிருந்து வந்தவை சிதறாமல் நீண்ட கோடுகளாகப் போய் அணைந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அது தண்டு எஃகு இல்லை. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் போடும் சாதா மென்மையான இரும்பு. நுனியில் யாரோ சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரோச் கல்லை நிறுத்தவில்லை. அது சுழன்றுகொண்டே இருந்தது. "இஞ்ஞாசி இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்கான்" என்றார்.

சுந்தர்சிங் முதலில் நம்ப மறுத்தார். சந்தேகம் என்று ஊரில் சொன்னால் பட்டறை என்னாவது என்று கேட்டார். ரோச் இரண்டு துண்டுகளையும் அவர் கண்முன் மறுபடி கல்லில் வைத்தார். முதலாளியின் முகம் வெளுத்தது. சட்டையைக்கூட மாற்றாமல் காரை எடுத்தார். மூன்று பேரும் துறைமுகத்துக்குப் போனார்கள். கரையில் கட்டியிருந்த நான்கு படகுகளின் உரிமையாளர்களையும் தேடிப் பிடித்து, எஞ்சினைத் தொட வேண்டாம் என்று சுந்தர்சிங் கைகூப்பிச் சொன்னார். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் விலக்கவில்லை.

இஞ்ஞாசியின் படகுக்குச் செய்தி சொல்ல அன்று வழியில்லை. கடலில் இருப்பவனிடம் கரையிலிருந்து எப்படிப் பேசுவது? இன்னொரு படகைத் தேடி அனுப்பினார்கள். செங்கமலவல்லி மீன் கூடைகளுக்கு நடுவே நின்றாள். வெயில் ஏறியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாளா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் ஒரு படகு இன்னொன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தது. இழுபட்டு வந்த படகு பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. ஆட்கள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். இஞ்ஞாசியின் இடது கை மட்டும் துணிச் சுற்றலுக்குள் இருந்தது. துணி முழுவதும் சிவப்பு.

வலை, கடலடிப் பாறைத் திட்டான முத்துப் பாரில் சிக்கியிருக்கிறது. இழுத்து எடுக்க இஞ்ஞாசி எஞ்சினை முழு வேகத்தில் விட்டிருக்கிறார். தண்டு போய்விட்டது. விசிறியோடு வெளித்துண்டு கடலுக்குள் நழுவ, அது இருந்த துவாரம் வழியாகத் தண்ணீர் பீறிட்டு உள்ளே வந்திருக்கிறது. அவர் சட்டையைச் சுருட்டி, கையோடு துவாரத்தில் திணித்திருக்கிறார். எஞ்சினை யாரும் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. உள்ளே சுழன்ற மிச்சத் தண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

படுக்க வைத்தபோது இஞ்ஞாசி ரோச்சைத்தான் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "தண்டு படக்குன்னு முறியல மச்சான். முறுக்கிக்கிட்டே அந்து போச்சு. ஈரத் துணியப் பிழிஞ்ச மாதிரி."

ரோச்சால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செங்கமலவல்லி அந்த வார்த்தையை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கெட்டி எஃகு அப்படி முறுக்கிக்கொள்ளாது. கிரைண்டரில் பார்த்ததைவிட, இந்த மனிதர் சொன்னதுதான் அவளுக்கு உறுதியாக இருந்தது.

மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் சுந்தர்சிங் தினமும் போய் உட்கார்ந்தார். கம்பி அனுப்பிய வியாபாரி தனக்கும் அப்படியேதான் வந்தது என்றார். அதற்கு முன்னால் யார் கையில் வண்ணம் பூசப்பட்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. மற்ற நான்கு தண்டுகளையும் கழற்றிப் புதிதாகக் கடைந்து கொடுத்தார்கள். முதல் தண்டை லேத்தில் ஏற்றிய அன்று செங்கமலவல்லி வீட்டிலிருந்து வரவில்லை. ரோச் பஸ் ஏறி தென்திருப்பேரைக்கே போனார். வாசலில் நின்று, "வாங்கம்மா. நீங்க வேகம் சொல்லாம நான் ஓட்டமாட்டேன்" என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்தார். மறுநாள் அவள் வந்தாள்.

பிறகு பல வருஷம் அங்கேயே இருந்தாள். எந்தக் கம்பி வந்தாலும் முதலில் ஒரு துண்டை வெட்டிக் கல்லில் வைத்துப் பார்க்கச் சொல்வாள். டூல் எதிர்பார்த்ததைவிட அதிகம் தாங்கினால் வேலையை நிறுத்திவிடுவாள். புதிதாக வந்தவர்களுக்கு அது விளங்காது.

இஞ்ஞாசி படகைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையாலேயே வலை பின்னப் பழகிக்கொண்டார். அவளைக் கண்டால் நின்று, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பார். அவர் மனைவி, ரோச்சின் தங்கை, மட்டும் கேட்டதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். செங்கமலவல்லி அவளிடம் ஒருபோதும் பேச முயன்றதும் இல்லை.