பன்னிரண்டு புள்ளியில் ஒரு ஊர்

மில் மூடிய பிறகு நெல்லித்தோப்பில் ஒரு எல்.இ.டி போர்டு கடையில் சேர்ந்தேன். பஸ்ஸுக்கு முன்னால் எரியும் ஊர்ப்பெயர் பலகை செய்கிற கடை. உயரத்துக்குப் பதினாறு புள்ளி. எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் வேலை.

கடலூர் ரோட்டில் ஓடும் ஒரு பஸ்ஸில் மட்டும்தான் மீன்கூடையை ஏற்றுவார்கள். என் மனைவி மீன் விற்றுவிட்டு அதில்தான் தவளக்குப்பம் திரும்புவாள். அந்தப் பஸ்ஸுக்கு எங்கள் கடை செய்த போர்டில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்ப்பெயர் வருவதற்குள் பஸ் போய்விடும். ஒரே வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்காரன் கூடையைப் பார்த்தாலே நிற்கமாட்டான்.

"ஓடாம நிக்கிற மாதிரி எழுதித் தொலையேன்யா" என்றாள்.

கடைக் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்து பெரிது. நிறுத்தினால் பாதி ஊர்தான் தெரியும். தவளக்குப்பத்தின் எட்டு எழுத்தையும் நானே கட்டம் போட்ட நோட்டில் வரைந்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு புள்ளி அகலம். முதலாளி பார்த்தார்.

"ரெடிமேடா இருக்கறத விட்டுட்டு கோலம் போடுறியா?"

பஸ்காரரிடமும் கேட்டார். பஸ்காரர், ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம், சரியில்லை என்றால் பழையபடி ஓடட்டும் என்று சொல்லிவிட்டார்.

போட்டோம். சாயங்காலம் மனைவி நடந்து வந்து சேர்ந்தாள். கூடையை இறக்கினாள்.

"இன்னாயா எழுதியிருக்க? எறும்பு மொய்ச்ச மாதிரி கெடக்குது."

தப்பு என்னுடையது. மில்லில் துணியை மூக்குக்குக் கிட்டே வைத்து அறுந்த நூலைத் தேடிய பழக்கம். போர்டையும் அப்படியே பார்த்திருக்கிறேன். அவள் பார்ப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

முதலாளியிடம் இன்னும் ஒரு நாள் கேட்டேன். "இதோட சரி" என்றார்.

கடையில் இருந்த அதே அளவுப் பலகையை வாசலில் வைத்தேன். ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் வழிந்து எழுத்தின் வயிறெல்லாம் அடைத்திருந்தது. திரும்பி வந்து சில புள்ளிகளை அணைத்தேன். மறுபடி தாண்டினேன். எதிர்க் கடை டீக்காரர், "இன்னா அண்ணே, வேண்டுதலா?" என்றார். முழங்கால் வலித்தது. மத்தியானத்துக்குள் மூன்று எழுத்தின் தலைப்புள்ளியும் தனியாகத் தெரிந்தது. 'ள' மட்டும் கடைசிவரை படுத்தியது.

மறுநாள் காலை பஸ்ஸில் மாற்றிவிட்டு வந்தேன். அன்று முழுக்க பஸ்காரரிடமிருந்து புகார் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கூடை கழுவிச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"தூரத்துலயே தெரிஞ்சிது" என்றாள் உள்ளேயிருந்து. "அந்த 'ள'தான் நண்டு மாதிரி இருக்குது."

"இருக்கட்டும்" என்றேன். தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாளைக்கு உழவர்கரை பஸ் போர்டு எழுத வருகிறது. அதில் 'ழ' இருக்கிறது.