செண்பகாதேவிப் பாதையில் காணாமல் போன கற்கள்

சகோதர சகோதரிகளே, நாற்பத்தொரு வயதில் என்னை மண்டு என்று ஆபீசே சிரித்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. மதராசில் துளை போட்ட அட்டைகளை எண்ணும் மிஷினை ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. திடீரென்று கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே கணக்கை முப்பது தடவை போட்டுவிட்டு நிற்கும்படி எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்தும் தப்பு தெரியவில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்றார் அதிகாரி. நாலு நாள் லீவு போட்டுத் தென்காசி வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை.

"தெரியலன்னு ஆண்டவருகிட்டயாவது ஒத்துக்கிடுங்களேன். அவருகிட்டயுமா வீம்பு?" என்றாள் என் மனைவி ரூபி. கோபித்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன்.

செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதையில் நடந்தேன். பட்டப்பகலில் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. திரும்பி நடந்தேன். ஒரு தட்டைப் பாறை வந்தது. மேலும் நடந்தேன். அதே பாறை! எத்தனை சுற்று என்று எண்ண, அதன்மேல் ஒரு கல் வைத்தேன். சுற்றி வந்தால் கல்லைக் காணோம். பாசியில் அது பதிந்த தடம் மட்டும் இருந்தது. இன்னொன்று வைத்தேன். அதையும் காணோம். குரங்கு எடுத்ததென்றால் ஓசை கேட்க வேண்டுமே? அருவி இரைச்சல்கூட நின்றிருந்தது.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமே தெரியல. என் கல்லை ஆரு எடுக்கா?" என்று கதறினேன்.

அந்த நொடியே உள்ளுக்குள் பளிச்சென்றது. கணக்கில் என் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டிருந்தவன் நானேதான்! பழைய மிஷினில் ஒவ்வொரு கட்டு அட்டைக்கும் முன்னால் எண்ணிக்கையை அழித்துப் பூச்சியமாக்குவது எங்கள் கைப்பழக்கம். அதே பழக்கத்தில், புதியதிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் அழிக்கும்படி எழுதியிருந்தேன். ஒன்றையே தாண்டாதது முப்பதை எப்படித் தொடும்? ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அழித்தால் போதும்!

அருவி இரைச்சல் திரும்பக் கேட்டது. அதைப் பிடித்தே இறங்கினேன். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழே டீக்கடைக்காரரிடம் மூடுபனியில் வழி தவறியதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மஞ்சு மூட்டமா? இன்னைக்குப் பூரா வெயிலுல்லா அடிக்கி, அண்ணாச்சி!"

கல்லை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முப்பதில் நின்றது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்! பிறகு இரண்டு முறை மிஷின் மாறிவிட்டது. என்னில் பாதி வயதுப் பிள்ளைகளிடம், "தெரியாது, சொல்லிக்கொடுங்க" என்று கேட்க எனக்கு வெட்கமில்லை.

இந்த வயதில் இனி மண்டையில் எங்கே ஏறும் என்று சோர்ந்திருக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். கட்டாயம் கற்றுக்கொடுப்பார். கொஞ்சம் பயமுறுத்தித்தான் கற்றுக்கொடுப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.