அவிழாத அரைஞாண்

தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரி. அறுவைச் சிகிச்சைக்கு முன் என் அடிவயிற்றைச் சிரைத்துவிட்டவர் அந்த வார்டு ஊழியர். நரைத்த மீசை, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். எதைச் செய்யுமுன்னும் "சில்லுன்னு இருக்குங்க" என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்வார். சிறுநீர்ப்பைக்குக் குழாய் செலுத்தும்போதும் அதையேதான் சொன்னார். மிச்சமிருந்தது இடுப்பிலிருந்த அரைஞாண் கயிறு. எதையும் கட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

"அறுத்துடாதீங்க," என்றேன். எங்கள் பக்கம் ஆம்பளைக்கு அரைஞாணை அறுப்பது பாடையில் ஏற்றும்போதுதான்.

"உசுரோட இருக்கறவருக்கு யாருங்க அறுப்பா? அவுத்துடலாம்." குனிந்து நகத்தால் முடிச்சைக் கிள்ளினார். வருஷக்கணக்கில் வேர்வை குடித்து இறுகிய முடிச்சு.

"அண்ணா, தியேட்டர்ல கூப்பிடறாங்க. அது என்ன தாலியா? வெட்டி விடுங்க," என்றாள் நர்ஸ்.

"இரும்மா, நீ வேற."

நான் கண்களை மூடிக்கொண்டேன். கத்தரிக்கோல் நறுக்கென்று கடிக்கும் ஓசை கேட்டது.

"அவுந்துடுச்சுங்க," என்றார்.

நம்பியவன்போல் தலையாட்டினேன்.

தையல் ஆறிவிட்டது, புதுக்கயிறும் கட்டியாயிற்று. நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்றுதான் மனம் இன்னும் கிடந்து அலைகிறது.